மென்டல் ஃபெட்டீக்கைத் தமிழில் எப்படிச் சொல்வது?

தலையில் அடிபட்டு மாதக்கணக்கில் ஆகியிருக்கும், காயம் ஆறியிருக்கும், கை கால் நன்றாக வேலை செய்யும். ஆனாலும் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவதை அரை மணி நேரம் கேட்டால் போதும், அதற்குமேல் ஒரு வார்த்தையும் தலைக்குள் ஏறாது. இதைத்தான் மருத்துவர்கள் மென்டல் ஃபெட்டீக் என்கிறார்கள். தமிழில் சட்டென்று 'மனச்சோர்வு' என்று எழுதிவிடுகிறார்கள், எனக்கு வருத்தமே அங்கேதான்.

மனச்சோர்வு என்பது டிப்ரஷனுக்கு நிலைத்துவிட்ட சொல். அதைக் கேட்ட வீட்டார் என்ன செய்வார்கள்? "தனியா உட்காராதே, நாலு பேரோட பழகினா சரியாயிடும்" என்று கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போவார்கள். மேளம், விளக்கு, கூட்டம், விசாரிப்பு என்று அடிபட்டவருடைய மூளையை எதெல்லாம் களைக்கச் செய்கிறதோ அதெல்லாம் அங்கே ஒன்றாக இருக்கும். அப்புறம் இரண்டு நாள் படுக்கைதான்.

குழப்பம் 'மென்டல்' என்ற சொல்லில் தொடங்குகிறது. அதன் வேர் லத்தீன் 'மென்ஸ்'. மனம், அறிவு இரண்டுக்கும் அது பொது. நாம் மனத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஃபெட்டீக், 'களைக்கச் செய்தல்' என்னும் லத்தீன் 'ஃபதிகாரே'யிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஸ்வீடன்காரர்கள் இதில் தெளிவாக இருக்கிறார்கள். அவர்கள் மொழியில் இதற்கு 'யேர்ன்ட்ரொட்ஹேட்' என்று பெயர், நேராகச் சொன்னால் மூளைக்களைப்பு. இதை அளக்க 15 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கியவர்களும் அந்நாட்டின் யோத்தபோரி (கோத்தன்பர்க்) நகர ஆய்வாளர்கள்தான்.

ஏன் இப்படிக் களைக்கிறது என்பதற்கு 1984-இல் நெதர்லாந்து ஆய்வாளர் வான் சோமெரனும் உடன் ஆய்ந்தவர்களும் ஒரு விளக்கம் சொன்னார்கள்: அடிபட்ட மூளை, முன்பு தானாகச் செய்த வேலையை இப்போது முயன்று செய்ய வேண்டியிருக்கிறது, அந்தக் கூடுதல் உழைப்புதான் களைப்பாகிறது. எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்றாலும், பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? களைப்பு என்றால் உடம்பு வேலைதான் முதலில் நினைவுக்கு வரும், அசதி என்றால் ஒரு தூக்கம் போட்டால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். நான் 'மூளை அயர்ச்சி' என்பேன். அயர்தல் என்றால் தளர்தல், மறத்தல் என இரண்டு பொருளும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இன்றும் மறந்துவிட்டதை "அயத்துப் போச்சு" என்பார்கள். களைத்த அந்த நேரத்தில் சொல்ல வந்த சொல்லே நழுவிப் போகிறதே, அதையும் சேர்த்துப் பிடிக்கிற சொல் இது.

மூளை அயர்ச்சி, மனச்சோர்வு இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வரலாம், அப்போது மனச்சோர்வுக்குத் தனியாக வைத்தியம் வேண்டும். அதனால் மருத்துவரிடம் போகும்போது "மனசு சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்த வேலையில் மூளை அயர்கிறது, எவ்வளவு நேரத்தில் அயர்கிறது, மறுபடி தெளிய எத்தனை மணி நேரம் ஆகிறது, அதைச் சொல்லுங்கள்.