சாத்தே அடுப்பில் விசிறிக்கு என்ன வேலை?

ஜகார்த்தாவின் சபாங் சாலையில் பொழுது சாய்ந்தால் சாப்பாட்டு வாசம் தூக்கும். அங்கே ஒரு தள்ளுவண்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, கோழி சாத்தே (கறித் துண்டுகளைக் குச்சியில் கோத்துத் தணலில் சுடுவது) பத்துக் குச்சி சொன்னேன். ஒரு தட்டு என்றால் பத்துக் குச்சி. அதுதான் அங்கே கணக்கு. கடைக்காரரை எல்லோரும் ‘சாக்’ என்று கூப்பிட்டார்கள். நம் ‘அண்ணே’ மாதிரி ஒரு விளி. மதுரா தீவுக்காரர் (மதுரை இல்லை, கிழக்கு ஜாவாவில் சுராபாயாவுக்கு எதிரே இருக்கும் தீவு). ஜாவாவின் ஊர்களில் கோழி சாத்தே விற்பவர்களில் பலரும் அந்தத் தீவிலிருந்து வந்தவர்கள்தான்.

அடுப்பு என்பது ஒரு சாண் அகலத்தில் நீளமான இரும்புத் தொட்டி. கறி மட்டும் கங்குக்கு நேர் மேலே நிற்கும், பிடிக்கிற முனை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூங்கில் குச்சி எரிந்து போகாததற்கு இந்தக் குறுகலான தொட்டிதான் காரணம். சாக் குச்சிகளை அடுக்கினார், அவ்வப்போது புரட்டினார். மற்றபடி அவர் கையில் ஓயாமல் ஓடியது ஒரு மூங்கில் விசிறி. தீ அணையாமல் இருக்க வீசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்க்கப் பார்க்க, அந்த அடுப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகே அந்த விசிறிதான் என்று புரிந்தது.

விறகு எரிவதும் கரி எரிவதும் ஒன்றல்ல. விறகு சூடானால் அதிலிருந்து வாயுக்கள் கிளம்பும். அவை எரிவதைத்தான் தீக்கொழுந்தாகப் பார்க்கிறோம். மரத்தையோ தேங்காய்ச் சிரட்டையையோ போதிய காற்றுப் படாமல் சூடேற்றி, அந்த வாயுக்களை முன்பே விரட்டிவிட்டால் மிஞ்சுவது கரி. பெரும்பகுதி கார்பன். இதை எரிக்க ஆக்சிஜன் கரியின் மேற்பரப்புக்கே வந்து சேர வேண்டும். வந்து சேரும் ஆக்சிஜன் எவ்வளவோ, சூடும் அவ்வளவு. எரிய எரியச் சாம்பல் போர்வை மாதிரி மூடிக்கொண்டு அந்த வரத்தையும் தடுக்கும். விசிறி சாம்பலையும் உதறுகிறது, புதுக் காற்றையும் கொடுக்கிறது. கொல்லன் உலையில் துருத்தி செய்வதும் இதே வேலைதான்.

கங்கிலிருந்து கறிக்குச் சூடு போகும் வழியில்தான் வித்தை இருக்கிறது. பெரும்பகுதி கதிர்வீச்சாகவே போகிறது. வெயிலில் முகம் சுடுவது போல. குறுக்கே ஒரு ஆள் வந்து நின்றால் அந்த நொடியே சூடு தெரியாது. இந்தக் கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 600 டிகிரி செல்சியஸில் இருக்கும் கங்கு விசிறியால் 800 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கெல்வின் கணக்கில் (செல்சியஸோடு 273 கூட்டினால் வருவது; இந்த அடுக்குக் கணக்கை இதில்தான் போட வேண்டும்) 873 என்பது 1073 ஆகிறது. ஏற்றம் கால் பங்குக்கும் குறைவு. ஆனால் வெளியேறும் கதிர்வீச்சோ இரண்டே கால் மடங்கு. மணிக்கட்டை நாலு தடவை ஆட்டினால் போதும், அடுப்பு இரட்டிப்பாகிறது. எந்த கேஸ் அடுப்பின் திருகுக்கும் இது சளைத்ததில்லை.

இவ்வளவு சூடு எதற்கு? கறித் துண்டுகள் சின்னவை என்பதால்தான். கேட்கத் தலைகீழாக இருக்கும். கறிக்குள் சூடு ஊர்ந்து போக எடுக்கும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. துண்டை இரண்டு மடங்கு தடிமனாக வெட்டினால் வேக நான்கு மடங்கு நேரம். ஒன்றரை செண்டிமீட்டர் துண்டில் சூடு நடுவுக்குப் போக முக்கால் செண்டிமீட்டர் நடந்தால் போதும். சில நிமிடங்களில் உள்ளே வெந்துவிடும். அதற்குள் வெளியே சிவந்து மணக்க வேண்டும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்ட மறுக்கும். ஈரம் வற்றி 140 டிகிரி வாக்கில் போனால்தான் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் விறுவிறுவென்று வினைபுரிந்து, பழுப்பு நிறமும் அந்த வறுத்த வாசமும் பிறக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் 1912-இல் விவரித்த வினை இது. தணல் மந்தமாக இருந்தால் வெளியே சிவப்பதற்குள் உள்ளே புரதம் இறுகி, சாறெல்லாம் பிழிந்து போய், வெளிறிப்போன ரப்பர்தான் தட்டுக்கு வரும்.

கோழிக்கறியில் சர்க்கரை குறைவு. அந்தக் குறையைத் தீர்ப்பது கெச்சாப் மானிஸ் என்கிற கெட்டியான இனிப்புச் சோயா சாறு. சோயா நொதித்ததில் விடுபட்ட அமினோ அமிலங்கள் ஒரு பக்கம், வெல்லம் இன்னொரு பக்கம். மையார் வினைக்கு வேண்டிய சாமான் இரண்டும் ஒரே புட்டியில்! சாக் அதை ஆரம்பத்தில் தடவவில்லை. பாதி வெந்த குச்சிகளைக் கொத்தாக அள்ளி, கெச்சாப்பும் கொஞ்சம் கடலைச் சாறும் கலந்த தட்டில் புரட்டி, மறுபடி தணலுக்குக் கொண்டுபோனார். முதலிலேயே தடவியிருந்தால் உள்ளே வேகுமுன் வெல்லம் கருகிக் கசந்திருக்கும்.

அப்போதுதான் கொழுப்பு சொட்டி, குபீரென்று தீ எழுந்தது. சாக் குச்சிகளைச் சற்றுத் தூக்கி, விசிறியால் ஓங்கி ஒரு வீச்சு வீசினார். தீ அணைந்தது, கீழே கங்கு முன்னைவிடச் சிவந்தது. ஒரே காற்று ஒன்றை அணைக்கிறது, ஒன்றை மூட்டுகிறது. கொழுப்பாவியில் எழுந்த தீ காற்றில் மிதக்கும் வாயு. வேகமாக வீசினால் எரிபொருளை விட்டே விலகிப் போகிறது. கங்கோ திடப்பொருள். தன் சூட்டை உள்ளே தேக்கி வைத்திருக்கும், நகர்ந்தும் போகாது. கூடுதல் ஆக்சிஜன் அதற்கு விருந்து.

சொட்டுகிற கொழுப்பு புகையாகி மேலேறிக் கறியில் படிவதால்தான் கரியடுப்பு மணம் கிடைக்கிறது. அதே புகையில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் ஊக்கிகளும் உண்டு. கருகிய முனைகளைக் கிள்ளிப் போடுவது நல்லது. நான் கிள்ளினேன், எல்லாவற்றையும் அல்ல.

எல்லாச் சாத்தேயும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. சுமத்ராவின் பாடாங் சாத்தேயில் மாட்டு நாக்கு வரும். அதிலுள்ள கொலாஜன் என்கிற முறுக்கான நார்ப்புரதம் இளகி, மெத்தென்ற ஜெலட்டினாக மாற மணிக்கணக்கில் வேக வேண்டும். நாலு நிமிடத் தணல் எந்த மூலைக்கு? மசாலாத் தண்ணீரில் முதலிலேயே வேகவைத்து, அடுப்பில் வாட்டி மட்டும் எடுக்கிறார்கள். யோக்யகர்த்தாவை ஒட்டிய பாந்துலில் ஆட்டுக்கறியைச் சைக்கிள் கம்பியில் கோத்துச் சுடும் சாத்தே கிளாத்தாக் இருக்கிறது. இரும்பு கறியைவிடப் பல பத்து மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பதால் உள்ளிருந்தும் வேகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அவ்வளவு மெல்லிய கம்பி சுமந்து வரும் சூடு கொஞ்சம்தான். பெரும்பாடு தணலுடையதே என்பது என் கணிப்பு. சாத்தே என்ற சொல் தமிழின் ‘சதை’யிலிருந்து போயிருக்கலாம் என்று சில ஆங்கில அகராதிகள் ‘ஒருவேளை’ போட்டுச் சொல்கின்றன. அந்த ‘ஒருவேளை’யை நாமும் விடாமல் வைத்துக்கொள்வோம்.

“நான் வீசிப் பார்க்கட்டுமா, சாக்?” என்று சைகையில் கேட்டேன். கொடுத்தார். மேலிருந்து கீழாக நாலு வீச்சு. சாம்பல் பறந்து பக்கத்து ஆளின் குச்சிகளில் அப்பியது. சாக் சிரித்துக்கொண்டே விசிறியை வாங்கி, தொட்டியின் ஓரமாகத் தாழ்த்தி, கங்கின் வயிற்றுக்குக் காற்றுப் போகும்படி பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினார். சாம்பல் பட்ட குச்சிகளை எனக்கே வைத்துவிட்டு, அவருக்குப் புதிதாகச் சுட்டுக் கொடுத்தார்.

நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் கூட்டம் கலைந்தது. விசிறி ஓய்ந்தது. கங்கு மெல்லச் சாம்பலைப் போர்த்திக்கொண்டு, கரியை வீணாக்காமல் அடங்கிக் கிடந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சாக் எட்டி விசிறியை எடுத்தார்.