படம் 24, திரை 60: லினக்ஸ் மடிக்கணினியில் அந்த 48 எதற்கு?

லினக்ஸ் போட்ட மடிக்கணினியில் திரை அமைப்புகளைத் திறந்து ரெஃப்ரெஷ் ரேட் என்ற இடத்தைப் பாருங்கள். 60.01 மாதிரி ஓர் எண் இருக்கும், சில மடிக்கணினிகளில் அதற்குக் கீழே 48.00 என்று இன்னொன்றும் இருக்கும். அந்த இரண்டாவதை யாரும் தொடுவதில்லை. கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் 144, 165 என்று பெரிதாக ஒட்டி விற்கிற காலத்தில் 60-க்கும் கீழே ஏன் இறங்கவேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் உட்கார்ந்து ஒரு தமிழ்ப் படம் பார்க்க 60-ஐவிட 48 நல்லது.

60 ஹெர்ட்ஸ் என்றால் திரை வினாடிக்கு 60 முறை தன்னைப் புதிதாக வரைந்துகொள்கிறது, ஒரு முறைக்கு 16.67 மில்லிவினாடி. சினிமாவோ வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள். 60-ஐ 24-ஆல் வகுத்தால் 2.5 வருகிறது, அரை முறை வரைய வழியில்லை, அதனால் ஒரு ஃபிரேம் 3 முறை, அடுத்தது 2 முறை, மறுபடி 3 என்று மாறி மாறிப் போகும். அதாவது ஒன்று 50 மில்லிவினாடி நிற்கிறது, அடுத்தது 33-லேயே போய்விடுகிறது. சண்டைக் காட்சியில் இது கண்ணுக்குப் படாது. பத்துமலை முருகன் சிலையின் பாதத்தில் தொடங்கி 42.7 மீட்டர் உயரத்துக்கும் கேமரா நிதானமாக ஏறுகிறது என்று வையுங்கள், அங்கேதான் மாட்டிக்கொள்ளும்: தங்க நிற விளிம்பு வழுக்கிக்கொண்டு போகாமல் தத்தித் தத்தி ஏறும். பலர் இணைய வேகத்தைக் குறை சொல்வார்கள். இணையத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வகுத்தல்தான் காரணம். 48-ல் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக 2 முறை, 120-ல் 5, 144-ல் 6. 165 வகுபடாது, ஆனால் அங்கே ஒரு முறை வரைய 6 மில்லிவினாடிதான் என்பதால் ஏற்றத்தாழ்வு பெரிதாகத் தெரியாது.

சரி, 60 எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அங்கே தொலைக்காட்சியை அதற்கு ஒத்துப்போகும்படி அமைத்தார்கள், கணினித் திரையும் அதே வழியில் போனது. மலேசியாவில் நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய ஒளிபரப்பு வினாடிக்கு 25 ஃபிரேம். அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம் காலத்துப் பழைய பதிவுகளுக்கு 48-உம் ஒத்துவராது, 60-உம் ஒத்துவராது, 50 கிடைத்தால்தான் நிம்மதி.

இந்த எண்களை லினக்ஸ் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. திரையின் பேனலுக்குள் இடிஐடி என்ற சிறு தகவல் தொகுப்பு இருக்கிறது, அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட், அதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் படிக்கிறது. 1920-க்கு 1080 திரை என்றாலும் கண்ணுக்குத் தெரியாத வெற்றுப் புள்ளிகளும் வெற்று வரிகளும் கூட உண்டு, குழாய்த் திரைக் காலத்திலிருந்து தொடர்கிற வழக்கம் அது. தொலைக்காட்சிக் கணக்கில் மொத்தம் 2200-க்கு 1125. இரண்டையும் பெருக்கி, அதை 60-ஆல் பெருக்கினால் 148.5 மெகாஹெர்ட்ஸ், இதுதான் புள்ளிகளை அனுப்பும் வேகம். பேனலுக்குப் பேனல் இந்த வேகமும் வெற்றுப் புள்ளிகளின் எண்ணிக்கையும் மாறும், திரும்ப வகுக்கும்போது எப்போதும் சரியாக 60 வராது, 60.01, 59.98 என்று கொசுறு வருகிறது. அது கோளாறு இல்லை. வேகத்தைக் குறைத்தோ வெற்று வரிகளைக் கூட்டியோ அதே பேனலில் 48 கொண்டுவருகிறார்கள்.

மாற்றுவது சுலபம், லினக்ஸின் முகப்புச் சூழல்களான க்னோமிலும் கேடிஇயிலும் திரை அமைப்புகளிலேயே இருக்கிறது. திரையில் வரைய எக்ஸ் 11 என்ற பழைய முறையில் இருப்பவர்கள் முனையத்தில் (டெர்மினல்) எக்ஸ்ரேண்டர் என்ற கட்டளையை ஓட்டலாம்: * போட்டது இப்போது ஓடுவது, + போட்டது பேனல் விரும்புவது. அதில் செய்த மாற்றம் வெளியேறி வந்தால் போய்விடும். புதிய முறையான வேலண்டில் எக்ஸ்ரேண்டர் பட்டியல் காட்டும், ஆனால் மாற்றாது, அங்கே அதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

48-ல் திரைக்கு வேலை குறைவு, பேட்டரியும் கொஞ்சம் மிச்சம். ஆனால் மவுஸ் கனத்துப்போன மாதிரி இருக்கும், நீளமான பக்கத்தை உருட்டினால் நன்றாகவே தெரியும், படம் முடிந்ததும் 60-க்குத் திரும்புவதுதான் நல்லது. படத்துக்கு ஏற்பத் திரை தானே வேகம் மாற்றுகிற வசதியும் வந்துவிட்டது: ஏஎம்டி சில்லுகளுக்கு 2019-ல் கெர்னல் 5.0-இல், க்னோமில் 2024-ல் 46-ஆம் பதிப்பில் சோதனை முறையாக. பேனலும் அதற்கு இடம்கொடுக்க வேண்டும்.

அப்புறம் ஒரு நுணுக்கம். இணையத்தில் வரும் பல படங்கள் 24 இல்லை, 23.976. திரை 48.00-ல் ஓடினால் ஏறக்குறைய 21 வினாடிக்கு ஒரு ஃபிரேம் மூன்றாம் முறையும் நிற்கும். எம்பிவி பிளேயரில் டிஸ்பிளே-ரீசாம்பிள் என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால், படத்தை 0.1 சதவீதம் வேகமாக்கி ஒலியையும் அதற்கேற்ப இழுத்துக்கொள்ளும், அந்த 21 வினாடித் தடுக்கலும் போய்விடும்.