நிறுவல் பக்கத்தைத் தாண்டாதவர்கள்

மென்பொருள் ஆவணங்களை எழுதுவதும் திருத்துவதும் என் தொழில். புதியவர்கள் எந்தப் பக்கத்தில் மனம் சோர்ந்து விலகுகிறார்கள் என்று கேட்டால், கடினமான கருத்துகளை விளக்கும் பக்கங்களை நான் காட்ட மாட்டேன். நிறுவும் முறையைச் சொல்லும் முதல் பக்கம்தான் அது. எழுதியவரின் கணினியில் எல்லாக் கருவிகளும் முன்பே இருக்கின்றன. தாம் எழுதிய படிகளை அவரே வரிசையாகச் செய்து பார்த்து வெகுகாலம் ஆகியிருக்கும்.

பைத்தான் என்ற நிரல்மொழியை எடுத்துக்கொள்வோம். அதற்கான தொகுப்புகளை நிறுவும் கருவி பிப். "பிப் இன்ஸ்டால்" என்று தொடங்கும் ஒற்றை வரியோடு நிறுவல் பகுதியை முடித்துக்கொள்ளும் ஆவணங்கள் ஏராளம். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் அந்த வரியை அப்படியே இட்டால் பிழைச் செய்திதான் வரும். காரணம் நியாயமானது. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் சில அதே பைத்தானை நம்பி ஓடுகின்றன; அங்கே பிப் வேறு பதிப்புகளைக் கொண்டுவந்து வைத்தால் அவை பழுதாகலாம். ஆகவே மெய்நிகர்ச் சூழல் ஒன்றை, அதாவது இயங்குதளத்தின் பைத்தானைத் தொடாத தனி அடைவை, உருவாக்கி அதற்குள் நிறுவச் சொல்கிறது அந்தச் செய்தி. தடையை மீறும் வழியும் அதன் இறுதியில், எச்சரிக்கையோடு இருக்கிறது. அவசரத்தில் இருக்கும் புதியவர் அந்தக் குறுக்குவழியைத்தான் பிடிப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மெய்நிகர்ச் சூழலை உருவாக்கும் வரியையும் இயக்கும் வரியையும் ஆவணம்தான் முதலிலேயே தந்திருக்க வேண்டும்.

அவற்றிலும் இயக்கும் வரி எல்லாக் கணினிக்கும் ஒன்றல்ல. அதற்கான கோப்பு லினக்ஸில் "பின்" என்ற அடைவிலும் விண்டோஸில் "ஸ்கிரிப்ட்ஸ்" என்ற அடைவிலும் இருக்கிறது. விண்டோஸில் கட்டளைகளை இடும் பவர்ஷெல் அதை ஓட்டவே அனுமதி மறுக்கலாம். இத்தனையையும் "உங்கள் இயங்குதளத்துக்கு ஏற்பச் செய்துகொள்ளவும்" என்று மூடி மறைக்கும் ஆவணங்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். ஏற்பச் செய்யத் தெரிந்தவர் இந்தப் பக்கத்துக்கு ஏன் வரப்போகிறார்?

இன்னொரு குறை, கட்டளையைக் கொடுத்துவிட்டு, அதன்பின் திரையில் என்ன தோன்றும் என்பதைச் சொல்லாமல் விடுவது. லினக்ஸ் பின்பற்றும் பழைய யூனிக்ஸ் இயங்குதள மரபில் வெற்றி பெற்ற கட்டளை பெரும்பாலும் வாய் திறக்காது. பழகியவருக்கு அந்த மௌனமே நற்செய்தி. புதியவருக்கோ எதுவும் நடக்கவில்லை என்ற கலக்கம். பல லினக்ஸ் கணினிகளில், நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சுடோ கடவுச்சொல் கேட்கும்போது, தட்டும் எழுத்துக்கு ஒரு புள்ளிகூடத் திரையில் விழாது. விசைப்பலகையில் கோளாறு என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தட்டுவார்கள். "நீங்கள் தட்டுவது திரையில் தெரியாது, முடித்ததும் என்டர் அழுத்துங்கள்" என்று ஒரு வாக்கியம் போதும்.

கட்டளைக்கு முன்னால் டாலர் குறி போடும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அதையும் சேர்த்து நகலெடுத்து ஒட்டி, "கட்டளை இல்லை" என்ற பதிலைப் பார்த்து விழிப்பவர்கள் உண்டு.

ஆவணங்களைப் பயிற்சிப் பாடம், செய்முறை வழிகாட்டி, தகவல் குறிப்பு, விளக்கம் என நான்காகப் பிரிக்கும் டயாடாக்சிஸ் முறையை டானியேலே புரோசிடா முன்வைத்தார். நான்கையும் விடாப்பிடியாகப் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சிறிய திட்டங்களுக்கு அது மிகை. ஆனால் பயிற்சிப் பாடத்தின் நடுவே எல்லா விருப்பத்தேர்வுகளையும் பட்டியலிடும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

சரிபார்க்க நான் கையாளும் வழி எளியது. என் கணினிக்குள்ளேயே தனிக் கணினிபோல ஓடும், எதுவும் நிறுவப்படாத மெய்நிகர்க் கணினி ஒன்றைத் திறந்து, புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் ஆவணத்தைக் கொடுத்துவிட்டு, அருகில் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்வேன். இதில் கடினமானது கடைசிப் பகுதிதான். அவர் தயங்கும் இடத்தில் நாமே விளக்கிவிட்டால், அந்த விளக்கம் ஆவணத்துக்குள் போகவே போகாது. அவர் என்னிடம் கேட்க நினைத்த கேள்விகளைப் பின்னர் வாங்கிக் குறித்துக்கொள்கிறேன்.

பக்கத்தின் தலையில் எந்த இயங்குதளத்தில், எந்தப் பதிப்பில், எந்தத் தேதியில் இந்தப் படிகள் செய்து பார்க்கப்பட்டன என்று எழுதுங்கள். கடைசியாகத் திருத்திய தேதி இதற்கு உதவாது. ஓர் எழுத்துப்பிழையை மாற்றினால்கூட அது புதிதாகிவிடும்.