சோளப்பாகில் ஊறிய பயம்

கணினியில் வரைந்து சேர்க்கும் இன்றைய இரத்தத்தைவிட, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய மலிவுப் பேய்ப்படங்களின் இரத்தம் இன்னும் குமட்டலை உண்டாக்குவது எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அப்படங்களுக்கு இன்றும் கூட்டம் சேரப் பல காரணங்கள் உண்டு. இக்கேள்விக்கான விடை மட்டும் சமையலறையில் இருக்கிறது.

கறுப்பு வெள்ளையில் வேலை எளிது. ஜார்ஜ் ரொமேரோ ஏறத்தாழ 1,14,000 டாலரில் எடுத்து 1968இல் வெளியிட்ட ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தில் வழிந்தது சாக்லேட் சிரப். அந்தப் படச்சுருள் நிறத்தை அறியாது என்பதால், வெளுத்த தோலின்மேல் கருமையாக மெல்ல வழிவது எதுவானாலும் இரத்தமாகத் தெரிந்தது.

வண்ணப் படத்தில் அது செல்லாது. சோளப்பாகில் (மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து எடுக்கும் இனிப்புப் பாகு) சிவப்புச் சாயத்தைக் கரைத்தால் கிடைப்பது ரோஸ் சர்பத்தைப் போன்ற ஒன்று. கண்ணாடித் தம்ளருக்குப் பின்னால் விரலை வைத்தால் நகம்கூடத் தெரியும். இரத்தம் அப்படித் தெளிவாக இராது, ஏனெனில் அது வெறும் கரைசல் அன்று. ஒரு கன மில்லிமீட்டரில் ஏறத்தாழ 50 இலட்சம் சிவப்பணுக்கள் மிதக்கும் தொங்கல், அதாவது கரையாத துகள்கள் மிதக்கும் திரவம். உள்ளே நுழையும் ஒளி, தேர்த்திருவிழாக் கூட்டத்தில் சிக்கியவரைப் போல, அணுவுக்கு அணு திசைமாறி அலைகிறது. அலையும் வழியெல்லாம் சிவப்பணுக்களில் உள்ள நிறமியான ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட, மிஞ்சிய சிவப்பே நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. அதே இரத்தத்தில் காய்ச்சி வடித்த நீரைத் தாராளமாகச் சேர்த்தால் அணுக்கள் ஊதி வெடித்து, கலங்கல் நீங்கி, பின்னால் பிடித்த அச்செழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிந்துவிடும். ஹீமோகுளோபின் அங்கேயேதான் இருக்கிறது, சிதறல்தான் போய்விட்டது. தொங்கல் என்றால் என்ன என்பதை வகுப்பில் சுண்ணாம்புத் தூளைக் கலக்கிக் காட்டியவர்கள் இதைக் காட்டியிருந்தால், அந்தப் பாடத்தை நான் மனப்பாடம் செய்திருக்க வேண்டியதில்லை.

சாம் ரெய்மியின் ‘தி ஈவில் டெட்’ (1981) குழுவினர் சோளப்பாகிலும் சாயத்திலும் காப்பிக்குப் போடும் கிரீமரைக் கலந்தார்கள். அதன் நுண்ணிய கொழுப்புத் துளிகள் சிவப்பணுக்களுக்குப் பதிலாக ஒளியைச் சிதறடித்தன. சர்பத்தில் பாலை ஊற்றியதும் மறுபுறம் மறைந்துவிடுவதும் இதே இயற்பியல்தான். அளவு மிஞ்சினால் இரத்தம் ரோஸ்மில்க் ஆகிவிடும் என்பதால் கைப்பக்குவம் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தி நீரின் சிவப்பு கலங்கித் தெரிவதும் கரையாத துகள்களால்தான். கண்ணேறு கழிகிறதோ இல்லையோ, ஒளி சிதறுவது உறுதி.

இந்தச் சிதறலைக் கணினியிலும் கணக்கிடலாம் என்றாலும், செலவுக்கு அஞ்சும் படங்களில் அது தட்டையான சிவப்புப் பூச்சாகவே நின்றுவிடுகிறது. பாகோ துணியில் ஊறுகிறது, விரலிடுக்கில் ஒட்டுகிறது. நீர் வற்றியதும் படிகமாகாமல் மிட்டாயைப் போலக் கண்ணாடியாய் இறுகுகிறது. ‘தி ஈவில் டெட்’ நாயகன் புரூஸ் கேம்பல் நெருப்பருகே காயவைத்த சட்டை, மறுபடி அணியப்போனபோது உடைந்துபோனதாகச் சொல்வார்கள்.