கேப்சூலை கொதிக்கிற தண்ணியில போட்டு டெஸ்ட் பண்ணாதீங்க, ப்ளீஸ்

புரட்டாசி வந்தா திருப்பாதிரிப்புலியூர்ல எங்க மருந்துக்கடையில ஒரே கேள்விதான், "இது சைவ கேப்சூலா சார்?" திருவந்திபுரத்துக்கு சனிக்கிழமை விரதம் இருக்கறவங்க கேக்கறது நியாயம்தான், சாதாரண கேப்சூல் ஓடு ஜெலட்டின்ல பண்றது, அது மாடு, பன்னி, மீன் இதுங்களோட எலும்பு தோல்லேர்ந்து எடுக்கறது. பரங்கிப்பேட்டைலேர்ந்து வர்ற பாயும் கேப்பாரு, அவருக்கு வேற காரணம். கேக்கட்டும், அதுக்குத்தானே நான் உக்காந்திருக்கேன். எனக்கு எரிச்சலே வாங்கிட்டுப் போனப்புறம் அடுப்படியில நடக்குற ஆராய்ச்சியாலதான்.

போன வாரம் ஒரு அக்கா எவர்சில்வர் டம்ளரோட வந்து நிக்கிறாங்க. உள்ள அரைகுறையா வெந்த கேப்சூல். "பாரு தம்பி, கொதிக்கிற தண்ணியில போட்டும் கரையல, கொழகொழன்னு விரல்ல ஒட்டுது, பிளாஸ்டிக்க வித்து ஏமாத்துறீங்க"ன்னு சத்தம். வாட்ஸ்அப்ல யாரோ வீடியோ அனுப்பியிருக்காங்க, வழக்கம்போல.

இத ஒருதடவ பொறுமையா கேட்டுக்கோங்க. சைவ கேப்சூல் ஓடு பெரும்பாலும் ஹெச்பிஎம்சி, மரக்கூழ்லேர்ந்தோ பஞ்சுலேர்ந்தோ எடுக்குற செல்லுலோஸ மாத்திப் பண்றது. பச்சத்தண்ணியில கரையும், கொதிக்கிற தண்ணியில கரையாது, கூழாயி நிக்கும், ஆறுனப்புறம்தான் கரைய ஆரம்பிக்கும். ஜெலட்டின் அப்படியே தலைகீழ், சுடுதண்ணியில சட்டுன்னு கரையும், 30 டிகிரிக்குக் கீழ ஊறி உப்புமே தவிர கரையாது. அதனால கொதிதண்ணி டெஸ்ட்ல சைவம் ஃபெயில், ஃபிரிட்ஜ் தண்ணி டெஸ்ட்ல அசைவம் ஃபெயில், ரெண்டுமே பிளாஸ்டிக் இல்ல! வயித்துக்குள்ள 37 டிகிரி, அங்க ரெண்டும் கரையும். லேப்லயும் அந்த சூட்டுலதான் டெஸ்ட் பண்ணுவோம், டம்ளர்ல இல்ல.

ஹெச்பிஎம்சி ஓடு தொறக்க சில நிமிஷம் கூட ஆகலாம், உண்மைதான். சாதாரண கேப்சூல்ல பெரும்பாலும் அதனால பெருசா வித்தியாசம் வராது. லேட்டா வேலை செய்யுதுன்னு ரெண்டா போடாதீங்க. சைவ ஓடுன்னா சைடு எஃபெக்ட் இல்லன்னும் நெனைக்காதீங்க, உள்ள இருக்குறது அதே மருந்துதானே.

அந்த அக்காவோட உண்மையான சிக்கல் டம்ளர்ல இல்ல. ஓடு கரையலன்னு பயந்து, ஒமிப்ரசோல் கேப்சூல ஒடச்சு உள்ள இருந்த கடுகு சைஸ் உருண்டைங்கள ஸ்பூனால நசுக்கி தேன்ல கொழச்சு சாப்ட்டிருக்காங்க. அந்த உருண்டை மேல இருக்குற பூச்சு வயித்து அமிலத்தத் தாண்டி குடலுக்குப் போறவரைக்கும் மருந்தக் காப்பாத்தத்தான் இருக்கு, அத நசுக்குனா மருந்து வயித்துலயே கெட்டுடும், அப்புறம் நெஞ்செரிச்சல் எப்படி அடங்கும்?

மழைக்காலத்துல எலிக்காய்ச்சலுக்குக் குடுக்குற டாக்ஸிசைக்ளின் இன்னொரு தலைவலி. சைவமோ அசைவமோ, ஒரு முழு டம்ளர் பச்சத்தண்ணியோட நிமிர்ந்து உக்காந்து முழுங்குங்க. அரை மடக்குல முழுங்கிட்டு உடனே படுத்தா தொண்டைக்குக் கீழ உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டு புண்ணாக்கிடும். டீயோட வேணாம்.

நம்ம கடலோர ஈரத்துல ஜெலட்டின் கேப்சூல் பிசுபிசுத்து ஒன்னோட ஒன்னு ஒட்டும், ரொம்ப நாள் சூடும் ஈரமும் பட்டா ஓடு இறுகி லேட்டாவும் கரையலாம். ஸ்ட்ரிப்லேர்ந்து பிரிச்சு டப்பாவுல கொட்டி அடுப்பு மேல ஷெல்ஃப்ல வைக்காதீங்க.

சில ஸ்ட்ரிப்ல ஓடு எதுன்னு போட்டிருக்காது. விரதம்னா வாங்கும்போதே சொல்லுங்க, அதே மருந்து மாத்திரையாவோ சிரப்பாவோ கெடைக்குதான்னு டாக்டருக்கு ஒரு போன் போட்டு கேட்டுத் தர்றேன். வாங்குனதப் பிரிக்காம வச்சுக்கிட்டு, புரட்டாசி முடிஞ்சதும் போட்டுக்கறேன்னு மட்டும் சொல்லாதீங்க.