95 ஆண்டுகள் தாவிய கடிகாரம்: சில்லின் பிழையைக் கெர்னல் சுமக்கும் விதம்

2018ஆம் ஆண்டு மே மாதம், கத்திரி வெயிலில் வேலூர் வட்டாரமே வெந்துகொண்டிருந்த ஒரு நாளில், பாலாற்றங்கரை ஊர் ஒன்றிலுள்ள தோல் பதனிடும் ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. தொட்டியிலிருந்து வெளியேறும் நீரின் பி.எச். அளவையும் ஓட்டத்தையும் நிமிடத்துக்கு ஒரு முறை பதிந்து, வெளியிலுள்ள சர்வருக்கு அனுப்பும் சிறிய லினக்ஸ் போர்டு ஒன்றை அங்கே பொருத்திக் கொடுத்தவன் நான்தான். "இன்னா சார், தேதி 2113னு காட்டுது? என் பேரனே அதுக்குள்ள கெழவனாயிருப்பான்" என்றார் ஆபரேட்டர் அண்ணன். அவருக்கு அது வேடிக்கை, எனக்குக் கலக்கம். 2113ஆம் ஆண்டில் இருப்பதாக நம்பும் ஒரு போர்டுக்குச் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் எப்போதோ காலாவதியாகிவிட்டதாகத்தான் தோன்றும் என்பதால், அன்று காலை முதல் ஒரு வரித் தரவுகூட வெளியே போயிருக்கவில்லை.

முதலில் வெயிலைச் சந்தேகித்தேன். எங்கள் ஊரில் எந்த மின்னணுச் சாதனம் பழுதானாலும் முதல் குற்றவாளி வெயில்தான். பிறகு மின்சார ஏற்ற இறக்கம், அதன் பிறகு கடிகாரத்துக்கான பொத்தான் பேட்டரி. பெட்டிக்குள் மின்விசிறி வைத்தேன், யூபிஎஸ் மாற்றினேன், புதுப் பேட்டரி போட்டேன், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றையும் எழுதி ஓடவிட்டேன். சில நாளில் கடிகாரம் மறுபடி தாவியது.

மூன்றாவது தாவலுக்குப் பிறகுதான் பதிவேட்டை ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தேன். மே 18ஆம் தேதி தாவியபோது கடிகாரம் 2113 ஜூலை 9 என்று காட்டியிருந்தது. மற்ற இரண்டு தாவல்களையும் கணக்கிட்டபோது வித்தியாசம் மூன்றிலும் ஒன்றாகவே இருந்தது: 34,750 நாள்களுக்குச் சுமார் நான்கு நிமிடம் குறைவு. வெயிலோ மின்சாரமோ ஒரே எண்ணை மூன்று முறை கொடுக்காது. போர்டிலுள்ள சில்லின் கடிகார எண்ணி விநாடிக்கு 2,40,00,000 முறை கூடுவது. வித்தியாசத்தை விநாடிகளாக்கி அந்த எண்ணால் பெருக்கியபோது கிடைத்தது இரண்டின் 56ஆம் அடுக்கு. அந்தச் சில்லில் இருப்பதுபோன்ற ஆர்ம் வகைச் செயலிகளின் எண்ணியில் குறைந்தது 56 பிட்டுகள் உண்டு என்பது கட்டமைப்பின் உறுதிமொழி. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் அந்த 56 பிட்டுகளையே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எண்ணி ஒரு கணம் பின்னால் போயிருக்கிறது. நேரம் பின்னால் போகாது என்று நம்பும் கெர்னல், எண்ணி முழுச் சுற்றும் சுற்றி வந்துவிட்டது என்று அதைப் புரிந்துகொண்டு 95 ஆண்டுகளைக் கூட்டிவிட்டது. பிழை என் நிரலிலும் இல்லை, கெர்னலிலும் இல்லை; சிலிக்கானில் இருந்தது.

செயலி தவறு செய்யாது என்ற நம்பிக்கை நம் கல்லூரிகளில் இன்றும் பாடம்போலப் பதிந்திருக்கிறது. உண்மையில் சந்தைக்கு வரும் ஏறக்குறைய எல்லாச் செயலிக்கும் எர்ராட்டா என்ற பிழைப்பட்டியல் உண்டு. முக்கிய நிறுவனங்கள் அதை வெளிப்படையாகவே வெளியிடுகின்றன. 1994இல் இன்டெல் பென்டியத்தின் வகுத்தல் அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டுப்போனதால் 41,95,835ஐ 31,45,727ஆல் வகுத்தால் விடை தவறாக வந்ததும், அதற்காக அந்த நிறுவனம் 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்ததும் பலருக்கும் தெரிந்த கதை. விற்றுப்போன சில்லைத் திரும்பப் பெறுவது அரிது. ஆகவே பிழையோடு வாழும் வழியைக் கெர்னல்தான் செய்துதர வேண்டியிருக்கிறது.

அப்படிச் செய்யப்பட்ட மாற்றுவழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1997இல் வெளிவந்த எஃப்00எஃப் பிழைக்கானது. பென்டியத்தில் செல்லாத ஒரு கட்டளையை, அதாவது எஃப்0 0எஃப் சி7 சி8 என்ற நான்கு பைட்டுகளை, எந்த உரிமையும் இல்லாத சாதாரணப் பயனர் இயக்கினாலும் கணினி முழுவதும் உறைந்து நின்றுவிடும். 'இது செல்லாத கட்டளை' என்று கெர்னலிடம் சொல்வதற்காகச் செயலி, எந்தப் பிழைக்கு எந்தப் பகுதியை அழைப்பது என்று சொல்லும் தன் அட்டவணையின் ஆறாம் எண் பதிவைத் தேடிப்போகும் வழியில், பூட்டிய நினைவகப் பாதையைத் திறக்க மறந்து சிக்கிக்கொள்வதே காரணம். லினக்ஸ் செய்தது இதுதான்: அந்த அட்டவணை இருக்கும் நினைவகப் பக்கத்தை வாசிக்க மட்டும் என்று குறித்துவிட்டது. பூட்டோடு வந்த செயலிக்கு அங்கே எழுதும் உரிமை இல்லாததால், அது உறைவதற்கு முன்பே பக்கப் பிழை, அதாவது அனுமதியில்லாத பக்கத்தைத் தொட்டதற்கான எச்சரிக்கை, எழுகிறது. பக்கப் பிழையைக் கவனிக்கும் பகுதி, பிழை எழுந்த முகவரி ஆறாம் எண் பதிவுக்குரியதா என்று பார்த்து, ஆம் என்றால் அதைச் செல்லாத கட்டளையாகக் கொண்டு அந்த நிரலை மட்டும் நிறுத்துகிறது. ஒரு குற்றத்தைத் தடுக்க இன்னொரு சிறு குற்றத்தை வழியில் நிறுத்தி வைப்பது போன்ற இந்த ஏற்பாட்டில், பிழை நேராத வேளையில் செலவு ஏறக்குறைய இல்லை.

என் போர்டுக்கு வருகிறேன். முதலில் நானே ஒரு மாற்றுவழி எழுதிப் பார்த்தேன்: கடைசியாகப் படித்த மதிப்பை நினைவில் வைத்துக்கொண்டு, புதியது அதைவிடக் குறைந்தால் மறுபடி படிப்பது. கேட்க நன்றாக இருக்கும் இந்த யோசனையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. சில்லுக்குள் தனித்தனியாக இயங்கும் நான்கு செயலிக் கோர்களும் ஒரே மதிப்பைப் பகிர வேண்டுமென்றால், நேரத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் கோர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். நேரத்தைப் படிப்பதோ கெர்னல் ஓயாமல் செய்யும் வேலை. அதைவிட மோசம், தவறான மதிப்பு ஒன்று முன்னோக்கித் தாவியதாக இருந்து அது நினைவில் ஏறிவிட்டால், அதன் பிறகு வரும் சரியான மதிப்புகள் எல்லாம் பொய்யாகிவிடும். எழுதிய நிரலை நானே அழித்தேன்.

2019 மே மாதம் வெளியான 5.1 கெர்னலில் இந்தப் பிழைக்கான மாற்றுவழி சேர்ந்தது. அதைப் படித்தபோது, பல மாதம் நான் சுற்றிச் சுற்றி வந்த இடம் எவ்வளவு சிறியது என்பது புரிந்தது. எண்ணியின் கீழ்ப் பிட்டுகள் நிரம்பி மேல் பிட்டுக்கு எடுத்துச் செல்லும் அந்தக் கணத்தில்தான் தவறான மதிப்பு வருகிறது. அப்படியானால் கீழ்ப் பிட்டுகள் எல்லாம் ஒன்றாகவோ எல்லாம் பூஜ்யமாகவோ இருக்கும் எந்த மதிப்பையும் நம்ப வேண்டாம், மறுபடி படித்தால் போதும். முந்தைய மதிப்பை நினைவில் வைக்கத் தேவையில்லை, கோர்களுக்குள் பேச்சுத் தேவையில்லை. இன்றைய கெர்னலில் கீழ் ஒன்பது பிட்டுகளைப் பார்க்கிறார்கள்: படித்த மதிப்போடு ஒன்றைக் கூட்டி, அந்த ஒன்பது பிட்டுகள் பூஜ்யமா ஒன்றா என்று ஒரே ஒப்பீட்டில் இரண்டு ஆபத்தையும் பிடித்துவிடுகிறார்கள். 512 மதிப்புகளில் இரண்டு மட்டுமே இப்படிக் கழியும். ஒரு மதிப்பு நிலைக்கும் நேரம் 42 நானோவிநாடிக்கும் குறைவு என்பதால் காத்திருப்பு பெரிதல்ல. எதிர்பாராத எதுவும் நேர்ந்தால் முடிவில்லாமல் சுற்றாதபடி 150 முறை என்ற எல்லையும் உண்டு. இந்த எல்லையைப் போடாமல் மாற்றுவழி எழுதுகிறவர், ஒரு பிழையை அடைத்து இன்னொன்றைத் திறக்கிறார்.

எண்ணி தடுமாறும் நோய் வேறு சில சில்லுகளுக்கும் உண்டு. மருந்து ஒன்றே அல்ல. ஃப்ரீஸ்கேல் சில்லு ஒன்றுக்கு, அடுத்தடுத்த இரண்டு வாசிப்புகள் ஒன்றாகும் வரை படிக்கிறார்கள். ஹைசிலிக்கான் சில்லு ஒன்றுக்கு, இரண்டின் வித்தியாசம் 32க்குள் அடங்கும் வரை.

வேறொரு வாசலையும் அடைக்க வேண்டியிருந்தது. நேரம் கேட்கும் நிரல்கள் ஒவ்வொரு முறையும் கெர்னலுக்குள் வந்துபோவது வீண் என்பதால், வீடிஎஸ்ஓ என்ற குறுக்குவழியில் அவை எண்ணியை நேரடியாகவே படித்துக்கொள்கின்றன. கெர்னலுக்குள் மட்டும் மாற்றுவழியைப் போட்டுவிட்டு இந்தக் குறுக்குவழியைத் திறந்தே வைத்தால், பதிவு எழுதும் நிரல் அதே பொய்யான மதிப்பைத்தான் படிக்கும். ஆகவே பிழையுள்ள சில்லில் அந்த வழி மூடப்பட்டு, யாராவது எண்ணியை நேரடியாகத் தொட்டால் கெர்னலே இடையில் புகுந்து சரியான மதிப்பைக் கொடுக்கிறது. நேரம் கேட்பதற்கான செலவு இதனால் கூடுகிறது. நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும் என் போர்டுக்கு அது பொருட்டில்லை. விநாடிக்குப் பல்லாயிரம் முறை நேரம் கேட்கும் நிரலுக்கு அது உறுத்தும்.

அந்தச் செலவை யார் சுமப்பது என்பதில்தான் வடிவமைப்பின் உண்மையான சிரமம் இருக்கிறது. நோய் இல்லாத சில்லும் மருந்து குடிக்கக் கூடாது. இதற்காகக் கெர்னல், பூட் ஆகும்போதே செயலியின் அடையாள எண்ணையும் பதிப்பு எண்ணையும் படித்து, தேவையான இடங்களில் தன் கட்டளைகளையே மாற்றி எழுதிக்கொள்கிறது. தேவையில்லாத செயலியில் அந்த இடம் வெறுமனே கடந்து போகப்படும். சில வேளைகளில் அடையாள எண்ணும் போதாது. ஆர்மின் கார்டெக்ஸ் ஏ53 செயலிக் கோரில் உள்ள, 843419 என்ற எண்ணுள்ள பிழையில், நினைவகப் பக்கத்தின் கடைசி இரண்டு இடங்களில் ஒரு குறிப்பிட்ட முகவரிக் கட்டளை அமைந்தால் தவறான முகவரி கிடைக்கலாம். கடைசிப் பதிப்பில் சில சில்லுகள் திருத்தப்பட்டு வந்தாலும் பதிப்பு எண் மாறவில்லை. வேறொரு பதிவகத்தின் ஒற்றைப் பிட்தான் 'இது திருத்தப்பட்டது' என்று சொல்கிறது. கெர்னல் அந்த ஒரு பிட்டையும் பார்க்கிறது.

என் போர்டின் பிழைக்கு அதுவும் உதவாது. செயலிக் கோர் பல நிறுவனங்களின் சில்லுகளில் இருக்கும் அதே கோர். பழுது, அதைச் சுற்றி அமைத்த கடிகாரப் பகுதியில். அதனால் போர்டை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில் 'இந்தப் பிழை இங்கே உண்டு' என்று ஒரு வரி எழுதினால்தான் கெர்னலுக்குத் தெரியும். தயாரித்தவர்கள் எண் எதுவும் கொடுக்காததால், அந்தப் பிழைக்குக் கெர்னலில் இருக்கும் பெயரே 'அன்னோன்1'. இந்த இடத்தில்தான் நான் மறுபடி சறுக்கினேன். 5.1 கெர்னலை ஏற்றிவிட்டு நிம்மதியாகக் காட்பாடிக்குத் திரும்பிய பதினோராம் நாள், கடிகாரம் மீண்டும் தாவியது. கெர்னலை மாற்றிய நான், போர்டை விற்றவர் கொடுத்த பழைய டிவைஸ் ட்ரீ கோப்பை அப்படியே விட்டிருந்தேன். மருந்து வீட்டில் இருந்தது. நோய் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

மேசைக் கணினிகளிலும் சர்வர்களிலும் இதே தவறை வேறு உருவில் பார்க்கிறேன். கெர்னலின் நினைவகத்தைச் சாதாரண நிரல் படிக்க வழிவிட்ட, 2018 ஜனவரி 3ஆம் தேதி வெளியான மெல்ட்டவுன் பிழைக்காக, நினைவகத்தில் எது எங்கே என்று சொல்லும் கெர்னலின் பக்க அட்டவணையையும் பயனர் நிரலின் பக்க அட்டவணையையும் பிரித்து வைத்தார்கள். கெர்னலுக்குள் போய்வரும் ஒவ்வொரு முறையும் அட்டவணை மாற வேண்டியிருப்பதால் வேகம் குறைந்தது. அதன் பிறகு வந்த பிழைகளுக்கும் சேர்த்து எல்லாத் தடுப்புகளையும் ஒரே சொல்லால் அணைக்கும் 'மிட்டிகேஷன்ஸ் ஆஃப்' என்ற பூட் வசதி 5.2 கெர்னலில் வந்தது. பலரும் பயன்படுத்தும் சர்வர் ஒன்றில், வேகத்துக்காக யாரோ இந்தச் சொல்லைச் சேர்த்து, சேர்த்தவரும் வேலை மாறிப் போய்விட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வெளியார் நிரல் எதுவும் ஓடாத, வலையோடு இணையாத தனி இயந்திரத்தில் அதை அணைப்பது ஒரு நியாயமான முடிவாக இருக்கலாம். ஆனால் முடிவு எடுத்தவரே அந்த வரியின் பக்கத்தில் காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

அணைக்காத இடத்திலும் பாதிதான் வேலை நடந்திருக்கலாம். செயலியின் உள் இடையகங்களில் தங்கும் தரவு கசியும், 2019இல் வெளியான எம்டிஎஸ் பிழைக்குக் கெர்னல் மட்டும் போதாது. இடையகங்களைத் துடைக்கும் கட்டளைக்கு, செயலிக்குள்ளேயே ஏற்றப்படும் நிரலான மைக்ரோகோடும் புதிதாக வேண்டும். கெர்னலைப் புதுப்பித்துவிட்டு மைக்ரோகோடை விட்டுவிட்டால், 'வல்னரபிள்: கிளியர் சிபியு பஃபர்ஸ் அட்டெம்ப்டட், நோ மைக்ரோகோட்' என்று கெர்னல் ஒளிக்காமல் சொல்லும். சிஸ் கோப்பகத்தில் டிவைசஸ், சிஸ்டம், சிபியு என்று இறங்கி வல்னரபிலிட்டீஸ் கோப்பகத்தைத் திறந்தால், ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கோப்பு, ஒவ்வொரு கோப்பிலும் ஒரு வரி. படிக்க இரண்டு நிமிடம் ஆகும்.

சிறு போர்டு வாங்குகிறவர்கள் பூட் பதிவைப் பார்க்க வேண்டும். 'ஆர்ச் டைமர்: எனேபிளிங்' என்று தொடங்கி மாற்றுவழியின் பெயரைச் சொல்லும் ஒரு வரியும், 'சிபியு ஃபீச்சர்ஸ்: டிடெக்டட்' என்று தொடங்கிப் பிழையெண்ணைச் சொல்லும் வரிகளும் அதில் வரும். டிவைஸ் ட்ரீ கோப்பை மாற்றிய அன்று, ஆலையின் பம்ப் அறையில் போர்டை மறுபடி பூட் செய்து, லேப்டாப் திரையில் ஓடிய வரிகளில் அந்த முதல் வரியைத் தேடி நிறுத்தினேன். "வந்துச்சா சார்?" என்றார் ஆபரேட்டர் அண்ணன். வந்திருந்தது. அதைப் படம் எடுத்து அச்சிட்டு, பெட்டியின் கதவுக்குள் ஒட்டிவிட்டு வந்தேன்.