டிஸ்கிளினேஷன்: குறைபாடு இல்லை, திசைப்பிறழ்வு

நீர்மப் படிகத்தைப் (திரவம் போல ஓடினாலும் படிகம் போல ஓர் ஒழுங்கு உள்ள பொருள்) பற்றி எதைப் படித்தாலும் கொஞ்ச தூரத்திலேயே ‘டிஸ்கிளினேஷன்’ வந்து நிற்கும். தமிழில் இதைக் ‘குறைபாடு’ என்று எழுதிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் பொருள். நெமாட்டிக் வகை நீர்மப் படிகத்தில், குச்சி மாதிரி நீண்ட மூலக்கூறுகள் திரவமாக ஓடிக்கொண்டே இருந்தாலும், அக்கம்பக்கத்தில் இருப்பவற்றோடு ஏறக்குறைய ஒரே திசை பார்த்துக் கிடக்கும். அந்தத் திசை எது என்றே சொல்ல முடியாமல் போகிற புள்ளி அல்லது கோடுதான் டிஸ்கிளினேஷன். உங்கள் விரல் ரேகையிலேயே இதைப் பார்க்கலாம். ரேகை கொண்டை ஊசி வளைவு போலத் திரும்புகிற இடம் +½, மூன்று பக்கத்து ரேகைகள் வந்து சேரும் முக்கூடல் −½. அந்த இடத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் போய் வந்தால் ரேகையின் திசை 180 பாகை, அதாவது அரைச் சுற்று மட்டும் திரும்பியிருக்கும், ½ என்பது அதுதான். நாம் சுற்றும் பக்கமே திரும்பினால் +, எதிர்ப்பக்கம் திரும்பினால் −. குச்சிக்குத் தலை, வால் என்ற வேறுபாடு இல்லை, அதனால்தான் இந்த அரைக்கணக்கு செல்லுபடியாகிறது. இதை நீவிச் சரிசெய்யவும் முடியாது, எதிர்க்குறி உள்ள இன்னொன்று வந்து சேர்ந்தால் இரண்டும் சேர்ந்தே மறையும். ‘இடவியல் (வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத பண்புகளைப் பற்றிய கணிதம்) சார்ந்தது’ என்று இதைச் சொல்வது அதனால்தான்.

இனி சொல் பிறந்த விதம். நீர்மப் படிகத்தை 1888இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ரைனிட்சர் கண்டார். 1922இல் பிரெஞ்சு அறிவியலாளர் ஃபிரீடல் ‘நெமாட்டிக்’ என்று பெயர் வைத்தார், கிரேக்கத்தில் ‘நேமா’ என்றால் நூல். நுண்ணோக்கியில் தெரிந்த அந்த நூல்கள் வேறெதுவும் இல்லை, இந்த டிஸ்கிளினேஷன் கோடுகளேதான்! பொருளுக்கே பெயர் தந்தவை அவை. அவற்றுக்கென்று தனிப்பெயர் வந்தது 1958இல்தான். பிரிட்டன் இயற்பியலாளர் ஃபிராங்க், திடப் படிகத்தில் அணுவரிசை இடம் மாறி நிற்பதைக் குறிக்கும் ‘டிஸ்லொகேஷன்’ சாயலில் ‘டிஸ்இன்கிளினேஷன்’ என்றார். ஆங்கிலத்தில் அதற்கு ‘விருப்பமின்மை’ என்ற பொருள் ஏற்கெனவே உண்டு, பிறகு நடுவில் இருந்த ‘இன்’ உதிர்ந்தது.

சரி, தமிழில்? வேர்ச்சொல்லுக்குச் ‘சாய்தல்’ என்று பொருள், அதற்காகச் ‘சாய்வுப்பிறழ்வு’ என்றால் மலைச்சரிவுதான் நினைவுக்கு வரும். குறைபாடு என்றால் ஏதோ போதவில்லை என்று அர்த்தம், ஊட்டச்சத்துக் குறைபாடு மாதிரி. இங்கே ஒரு மூலக்கூறுகூடக் குறையவில்லை, வரிசைதான் மாறியிருக்கிறது. சொன்னதிலிருந்து மாறும் சாட்சியைப் பிறழ்சாட்சி என்கிறோமே, அந்தப் ‘பிறழ்’ இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆகவே திசைப்பிறழ்வு. டிஸ்லொகேஷனை இடப்பிறழ்வு என்றால் ஃபிராங்க் நினைத்த அந்த இணையும் அப்படியே கிடைத்துவிடும்.

எழுதிப் பார்த்தேன், இடறவில்லை: ‘குறுக்காக வைத்த இரண்டு ஒளிமுனைவாக்கிகளுக்கு (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகள்) நடுவே பார்க்கும்போது, ஒரு புள்ளியிலிருந்து இரண்டு கருந்தூரிகைகள் (தூரிகை போன்ற கரும்பட்டைகள்) கிளம்பினால் அது அரைத் திசைப்பிறழ்வு, நான்கு கிளம்பினால் முழுத் திசைப்பிறழ்வு.’